பிறந்தது பிரான்ஸ், பேர் வாங்கியது மெண்டோசா: ஒரு திராட்சைக்கு 'மண் குணம்' எங்கிருந்து வருது?

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 17 'உலக மால்பெக் தினம்'. மால்பெக் என்பது சிவப்பு ஒயின் தயாரிக்கப் பயன்படும் ஒரு கறுப்புத் திராட்சை ரகம். அது பிறந்தது பிரான்ஸின் தென்மேற்குப் பகுதியில். ஆனால் அதற்கென்று ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து 2011 முதல் கொண்டாடி வருவது அர்ஜென்டினா. தேதியும் அவர்களுடைய வரலாற்றிலிருந்து எடுத்ததுதான். 1853-ல் இதே நாளில் மெண்டோசா மாகாண சட்டமன்றத்தில், ஒரு விவசாயப் பள்ளியும் நாற்றுப் பண்ணையும் தொடங்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது.

ஒரு நாட்டின் திராட்சைக்கு இன்னொரு நாடு பிறந்தநாள் கொண்டாடுகிறது. பிறந்த ஊர்க்காரர்களும் அதை மறுத்துப் பேசுவதில்லை. ஏன்னா, இன்றைக்கு 'மால்பெக்' என்று சொன்னாலே உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது மெண்டோசாதான்.

இதை விளக்க ஒயின் உலகம் 'டெர்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பயன்படுத்துகிறது. நாம் 'மண்வாசனை', 'மண்ணோட குணம்' என்று சொல்வதற்கு நெருக்கமான சொல். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் மண்ணுக்குக் கொடுக்கும் பாராட்டில் பெரும்பகுதி தண்ணீருக்கும், உயரத்துக்கும், மனிதர்கள் எடுத்த முடிவுகளுக்கும் போக வேண்டியது என்பது என் கருத்து. இது வெறும் ரசனை பற்றிய சண்டை இல்லை. மெண்டோசாவுக்கு அந்தக் குணத்தைக் கொடுத்த தண்ணீரே இப்போது குறைந்துகொண்டு வருகிறது.

(ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது பாட்டிலை இல்லை, கொடியை.)

முதலில் ஒரு அடிப்படை: திராட்சைக் கொடி எப்படிப் பரவுகிறது?

திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. விதையிலிருந்து வரும் செடி தாய்ச் செடியைப் போலவே இருக்காது. அதனால் நல்ல கொடியிலிருந்து குச்சியை வெட்டி நட்டு வளர்க்கிறார்கள். நம்ம ஊரில் முருங்கைக் கிளையை வெட்டி நடுவது போலத்தான்.

இதனால் ஒரு வசதி கிடைக்கிறது. பிரான்ஸில் இருக்கும் மால்பெக்கும் மெண்டோசாவில் இருக்கும் மால்பெக்கும் கிட்டத்தட்ட ஒரே மரபணு கொண்டவை. நூறு வருஷத்துக்கும் மேல் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நட்டதால் சின்னச் சின்ன வித்தியாசங்கள் வந்திருக்கின்றன. மெண்டோசாவில் பழமும் குலையும் கொஞ்சம் சிறியவை என்கிறார்கள். மற்றபடி ரகம் ஒன்றுதான். ஆகவே இரண்டு ஊர் ஒயினும் வேறுமாதிரி இருந்தால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி ஊரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகளை வெவ்வேறு ஊரில் வளர்த்துப் பார்ப்பது மாதிரியான ஒரு சோதனை இது. உலகம் தெரியாமலேயே செய்து முடித்த சோதனை.

பிறந்த ஊரில் என்ன ஆச்சு?

மால்பெக்கின் சொந்த ஊர் என்று சொல்லத்தக்கது லோத் நதிக்கரையில் இருக்கும் காஹோர். அங்கே அதற்குப் பழைய பெயர் கோ. காஹோர் ஒயினின் நிறத்தைப் பார்த்து 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்கள். பக்கத்தில் இருக்கும் போர்தோவிலும் மற்ற ரகங்களோடு கலக்க மால்பெக்கை நிறைய நட்டிருந்தார்கள்.

ஆனால் இந்தக் கொடிக்கு அந்த ஊர்ப் பருவநிலை பெரிய சிநேகம் இல்லை. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றும் மழையும் பூஞ்சை நோயைக் கொண்டுவரும். பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேரைத் தின்னும் ஃபைலோக்ஸெரா பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதிலிருந்து மீண்டு வந்த நேரத்தில், 1956 பிப்ரவரியில் கடுமையான உறைபனி வந்து கொடிகளைக் கொன்றுபோட்டது. அதன்பிறகு போர்தோவில் பெரும்பாலானவர்கள் மால்பெக்கைத் திரும்ப நடவே இல்லை. மெர்லோ, கபர்னே என்று நம்பகமான ரகங்களுக்குப் போய்விட்டார்கள். காஹோர் மட்டும் விடாமல் மறுபடி நட்டு, 1971-ல் தனக்கென்று சட்டப் பாதுகாப்புள்ள பெயரும் வாங்கியது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும்.

காஹோர் மால்பெக்கைப் பற்றிக் கேட்டால் ஒயின் சுவைப்பவர்கள் சொல்வது: இறுக்கம், துவர்ப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம், பல வருஷம் காத்திருந்தால் கனிவு.

மெண்டோசா எப்படிப்பட்ட ஊர்?

ஒரே வரியில் சொன்னால், பாலைவனம். ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தை மலை சிலி பக்கமே பிழிந்து எடுத்துவிடும். இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்றுதான். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மோசமான நாளிலேயே அதைவிட அதிகம் கொட்டிவிடும்.

அப்படியென்றால் திராட்சை எப்படி? மலை உச்சியில் குளிர்காலத்தில் விழும் பனி, கோடையில் உருகி ஆறாக இறங்குகிறது. அந்த ஆற்றை வாய்க்கால்களாகப் பிரித்து வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே வார்பே என்ற பூர்வகுடி மக்கள் இங்கே வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். பின்னால் வந்த எல்லோரும் அதன்மேல்தான் கட்டினார்கள். இன்றைக்கும் மெண்டோசா நகரத்தில் நடந்தால் தெரு ஓரமெல்லாம் வாய்க்கால் ஓடும். நிழல் தரும் மரங்களுக்கே அந்த வாய்க்கால் தண்ணீர்தான். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு, மதகு திறந்து மூடுவதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். நம்ம கிராமத்து நீர்க்கட்டி செய்யும் அதே வேலை.

1853 திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் டொமிங்கோ ஃபாஸ்டினோ சார்மியெண்டோ, பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் அதிபர் ஆனவர். பண்ணையை நடத்த அழைக்கப்பட்டவர் மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு விவசாய நிபுணர். பிரெஞ்சு ரகங்களின் குச்சிகள் அவரோடு மெண்டோசாவுக்கு வந்தன. அதில் மால்பெக்கும் ஒன்று. 1885-ல் புவனோஸ் அயர்ஸிலிருந்து ரயில் வந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குடியேறிகள் கூட்டமாக வந்தார்கள். ஒயின் தயாரிக்கவும் குடிக்கவும் தெரிந்த கூட்டம். திராட்சைத் தோட்டம் பெருகியது.

உயரம் ஏறினால் பழத்துக்குள் என்ன நடக்கிறது?

மெண்டோசாவின் கிழக்குச் சமவெளியில் தோட்டங்கள் சுமார் 600, 700 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நகரத்துக்குத் தெற்கே லூஹான் டி கூயோவில் சுமார் 1,000 மீட்டர். இன்னும் தெற்கே போய் ஊகோ பள்ளத்தாக்கில் ஏறினால் 1,500 மீட்டர் வரைக்கும் கொடி இருக்கிறது. அது ஏற்காடு உயரம்.

உயரம் கூடக் கூட மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, குளிர். பொதுவாக 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும். ஒரே மாகாணத்துக்குள் கீழே இருக்கும் தோட்டத்துக்கும் மேலே இருக்கும் தோட்டத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் வந்துவிடும்.

இரண்டு, வெயிலின் கூர்மை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் அதிகரிக்கிறது. மேகமும் குறைவு. நாம் சன்ஸ்கிரீன் தடவுவது போல, திராட்சையும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தோலில் நிறமிகளையும் பாலிஃபீனால் என்ற சேர்மங்களையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. மெண்டோசா மால்பெக்கின் அடர்ந்த ஊதா நிறம் இப்படி வருவதுதான்.

மூன்று, பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி. பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் பகல் சூடு ராத்திரி தங்காது. பகலில் நல்ல வெயிலில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் பழத்தின் சுவாசம் மெதுவாகும். அதனால் புளிப்பு எரிந்துபோகாமல் உள்ளேயே தங்கும். பழுத்த இனிப்பும் புளிப்பும் ஒரே பழத்தில். காஹோரில் இருக்கும் முரட்டுத் துவர்ப்பு இங்கே கனிந்து, வழவழப்பாக வருவதற்குக் காரணம் இந்த நீண்ட, வறண்ட, வெயில் நிறைந்த பருவம்.

மழை இல்லாததால் பூஞ்சைத் தொல்லையும் குறைவு. அதனால் பழத்தை அவசரப்பட்டு அறுக்க வேண்டியதில்லை, முழுசாகப் பழுக்கும் வரை காத்திருக்கலாம். பிறந்த ஊரில் பலவீனமாக இருந்த அதே கொடிக்கு வந்த ஊரில் அதுவே பலமாகிவிட்டது.

எல்லாமே வரம் என்றும் சொல்ல முடியாது. ஆலங்கட்டி மழை சில நிமிஷத்தில் ஒரு வருஷ விளைச்சலை அழித்துவிடும். அதற்காகவே பல தோட்டங்களில் கொடிக்கு மேல் வலை போட்டிருக்கிறார்கள். சோண்டா என்ற சூடான மலைக்காற்று பூக்கும் நேரத்தில் வீசினால் பூ கருகும். பனிக்காலம் தாண்டியும் வரும் உறைபனி இன்னொரு பயம்.

அப்போ மண்ணுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால் விளம்பரங்கள் சொல்வது போல இல்லை. 'இந்த ஒயினில் சுண்ணாம்புக்கல்லின் சுவை தெரிகிறது' என்று எழுதுவார்கள். கொடி கல்லை உறிஞ்சிப் பழத்தில் வைப்பதில்லை. வேல்ஸைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல வருஷமாக எழுதிவருகிறார். 2018-ல் ஒரு புத்தகமே போட்டார். வேர் எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த சில தாதுக்களை, அதுவும் மிகக் குறைந்த அளவில். பாறையின் சுவை நேராகக் கோப்பைக்கு வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம்.

மண்ணின் உண்மையான வேலை வேறு. எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் போக முடிகிறது என்பதுதான் முக்கியம். மெண்டோசாவின் மண் ஆறுகள் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த கல், மணல், வண்டல். ஒரே தோட்டத்தில் இங்கே கூழாங்கல், பத்தடி தள்ளி களிமண் என்று மாறும். கல் நிறைந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. கொடி கொஞ்சம் தாகத்தோடு வளரும், இலை குறையும், பழம் சிறுக்கும். சிறிய பழத்தில் சாறுக்குத் தோல் விகிதம் அதிகம். நிறமும் மணமும் தோலில்தான் இருக்கிறது. ஆக, மண் என்று நாம் சொல்வதிலும் பாதி தண்ணீர்க் கதைதான்.

'சரி, ஊருக்கு ஊர் வித்தியாசம் என்பதே கற்பனையா?' என்று கேட்டால், அதுவும் இல்லை. 2021-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் மெண்டோசா மால்பெக் பற்றி ஒரு ஆய்வு வந்தது. 23 நிலத்துண்டுகளின் திராட்சையை மூன்று வருஷம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே முறையில் ஒயினாக்கி, வேதியியல் அளவீடு செய்தார்கள். ஒயின் எந்த வருஷத்தையது என்பதை அந்த அளவீட்டை வைத்தே சொல்ல முடிந்தது. 11 நிலத்துண்டுகளைத் தவறே இல்லாமல் அடையாளம் காண முடிந்தது. ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தது கட்டேனா என்ற ஒயின் நிறுவனத்தின் ஆய்வு மையம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தனிக்குணம் உண்டு என்று நிரூபணம் ஆனால் அவர்களுக்கு வியாபாரத்தில் நல்லது. ஆனாலும் அளவீடு அளவீடுதான். இடத்துக்கு இடம் கைரேகை வேறு. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். வருஷமும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மண் வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை. மாறுவது வானம்.

மனிதர்கள் எடுத்த முடிவுகள்

மண்வாசனைக் கதையில் வசதியாக விட்டுப்போகும் பகுதி இது. மெண்டோசா 150 வருஷத்துக்கும் மேலாக அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1980-களில் அங்கே மால்பெக்கை யாரும் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் தலைக்கு ஆண்டுக்கு சுமார் 90 லிட்டர் ஒயின் ஓடியது. மலிவான, அளவில் பெரிய சரக்கு. உள்ளூர்த் தேவை சரிந்தபோது விவசாயிகள் மால்பெக் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒரு காலத்தில் 50,000 ஹெக்டேர் அளவில் இருந்த பரப்பு சுமார் 10,000-க்கு இறங்கியது. அப்போதும் மண் அதே மண்தான்.

மாற்றம் வந்தது ஆட்களால். நிகோலஸ் கட்டேனா பொருளாதாரம் படித்தவர், ஒயின் குடும்பத்து வாரிசு. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அங்கே தரமான ஒயின்களைப் பார்த்துவிட்டு வந்து, அளவை விட்டுத் தரத்துக்கு மாறினார். 1992-ல் ஊகோ பள்ளத்தாக்கில் குவால்டஜாரி பகுதியில், கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரத்தில் அட்ரியானா என்ற தோட்டத்தை நட்டார். அவ்வளவு குளிரில் சிவப்புத் திராட்சை பழுக்காது என்பது அன்றைக்குப் பொது நம்பிக்கை. பழுத்தது. மற்றவர்களும் மலை ஏறினார்கள். வெளிநாட்டுப் பணமும் போர்தோ ஆலோசகர்களும் வந்தார்கள்.

சுவையும் ஒரே மாதிரி நிற்கவில்லை. 1990-களிலும் 2000-களிலும் ஏற்றுமதிக்குப் போன மெண்டோசா மால்பெக் நன்றாகப் பழுத்து, கனமாக, புது ஓக் பீப்பாய் மணத்தோடு இருந்தது. அமெரிக்கச் சந்தை அதைத்தான் கேட்டது. பிறகு ரசனை மாறியது. கொஞ்சம் முன்கூட்டியே அறுவடை, பீப்பாய்க்குப் பதில் சிமென்ட் தொட்டி, புளிப்பும் பூ மணமும் தெரியும்படியான ஒயின் என்று மாறினார்கள். இரண்டுமே 'மெண்டோசாவின் உண்மையான குரல்' என்றே விற்கப்பட்டன. ஒரே மண்ணுக்கு முப்பது வருஷத்தில் இரண்டு குரல் எப்படி வந்தது? பேசியது மண் மட்டும் இல்லை என்பதுதான் பதில்.

இன்னொரு வேடிக்கை. மெண்டோசா ஜெயித்த பிறகு, காஹோர்க்காரர்களும் தங்கள் பாட்டிலில் 'மால்பெக்' என்று பெரிதாக எழுத ஆரம்பித்தார்கள்.

'மண் மாயம்' என்று சொல்வதில் யாருக்கு லாபம்?

மண் என்று மட்டும் சொல்லிவிட்டால், அந்த மண்ணின் சொந்தக்காரர் மட்டுமே கதையில் இருப்பார். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யாருக்கு வராமல் போனது, பழத்தைப் பறித்தது யார் என்ற கேள்விகள் எழாது.

மெண்டோசா மாகாணத்தில் பாசனம் உள்ள பசுமைப் பகுதி மொத்த நிலப்பரப்பில் 5 சதவீதம்கூட இல்லை. மக்களில் பெரும்பான்மையோர் வாழ்வது அதற்குள்தான். மீதி எல்லாம் வறண்ட நிலம். ஒரு காலத்தில் வடகிழக்கில் வானாகாச்சே என்ற ஏரித் தொகுதி இருந்தது. அங்கே வார்பே மக்கள் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். மேலே பாசனத்துக்கு ஆற்றைத் திருப்பத் திருப்ப, கடைமடையில் இருந்த அந்த ஏரிகள் வறண்டன. வாய்க்கால் வெட்டக் கற்றுக்கொடுத்த மக்களின் சந்ததிக்குத் தண்ணீர் மிஞ்சவில்லை. கடைமடை விவசாயியின் வலி தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1884-ல் வந்த தண்ணீர்ச் சட்டம் பாசன உரிமையை நிலத்தோடு கட்டிவைத்தது. நிலத்தை விட்டுத் தண்ணீரை மட்டும் தனியாக விற்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் பழைய வாய்க்கால் எட்டாத உயரத்தில் புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீரும் வைத்துத்தான் விளைவிக்கிறார்கள். அந்தக் கிணறு தோண்டக் கையில் காசு வேண்டும். 'உயரத்தின் குணம்' என்று லேபிளில் போடுவதற்குப் பின்னால் இந்த முதலீடும் இருக்கிறது.

அறுவடை வேலைக்கு நாட்டின் வடக்குப் பகுதியிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். பறித்த பழத்தைக் கூடையில் சுமந்து ஓடி லாரியில் கொட்டினால், கூடைக்கு ஒரு வில்லை. வில்லைகளை எண்ணிக் கூலி. ஒயின் விமர்சனங்களில் கல்லுக்கு ஒரு பத்தி கிடைக்கிறது, இவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

2019 டிசம்பரில் நடந்தது என்ன?

ஊரின் குணம் தண்ணீரில் இருக்கிறது என்பது மெண்டோசா மக்களுக்கு நன்றாகவே தெரியும். 2007-ல் அந்த மாகாணம் 7722 என்ற எண் கொண்ட சட்டத்தைக் கொண்டுவந்தது. சுரங்கத் தொழிலில் சயனைடு போன்ற நச்சுப் பொருட்களைப் பயன்படுத்தத் தடை. காரணம், ஆறு தொடங்கும் மலையில்தான் தாதுவும் இருக்கிறது.

2019 டிசம்பர் 20-ம் தேதி மாகாண சட்டமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. அடுத்த சில நாட்களில் மாகாணமே தெருவுக்கு வந்தது. ஊகோ பள்ளத்தாக்கின் சான் கார்லோஸ் பகுதியிலிருந்து மக்கள் சுமார் 100 கிலோமீட்டர் நடந்தே தலைநகருக்கு வந்தார்கள். 1936-லிருந்து நடக்கும் திராட்சை அறுவடைத் திருவிழாவில் ஊருக்கு ஊர் 'அறுவடை ராணி' தேர்ந்தெடுப்பார்கள். அந்த ராணிகளும் போராட்டத்தில் நின்றார்கள். தண்ணீர் இல்லையென்றால் திருவிழாவும் இல்லை என்பது அவர்கள் பேச்சு. பத்தே நாளில், டிசம்பர் 30-ல், சட்டமன்றம் தன் திருத்தத்தைத் தானே ரத்து செய்தது.

அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் டெர்வார் பற்றி எந்த ஒயின் புத்தகமும் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சுரங்கம் ஒரு பக்கம் என்றால், வானம் இன்னொரு பக்கம். 2010-லிருந்து மத்திய ஆண்டிஸில் நீண்ட வறட்சி. மலையில் பனி விழுவது குறைந்தால் ஆற்றில் தண்ணீர் குறையும், நிலத்தடி நீரும் குறையும். வெப்பம் கூடினால் சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு சீக்கிரம் போகும். இன்னும் மேலே ஏறலாம் என்று சொல்லலாம். ஆனால் மேலே நிலமும் குறைவு, தண்ணீரும் குறைவு. உயரம் ஏறுவது தீர்வு மாதிரி தெரிந்தாலும், அதற்கு ஒரு எல்லை இருக்கிறது.

பெயரைப் பதிவு செய்தால் போதுமா?

ஊரின் குணத்தைக் காப்பாற்ற உலகம் கண்டுபிடித்த வழி, பெயரைச் சட்டமாக்குவது. லூஹான் டி கூயோ 1989-ல் மால்பெக்குக்கு அப்படியொரு பெயர் உரிமையை உருவாக்கியது. 2013-ல் சான் கார்லோஸில் இருக்கும் பராஹே அல்தமீரா என்ற சின்னப் பகுதி, மண் ஆய்வு நடத்தி, எல்லை வரைந்து, புவிசார் குறியீடு வாங்கியது. போலியைத் தடுக்க இது உதவும். சின்ன விவசாயிக்கும் பேரம் பேசக் கொஞ்சம் பலம் தரும்.

ஆனால் எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வெளியே, மேலே மலையில் இருக்கிறது. பெயரைப் பாதுகாக்கும் சட்டம் பனியைப் பாதுகாக்காது.

இந்தக் கேள்வி நமக்கும் நேராகவே பொருந்தும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதுவும் வந்த கொடிதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான கலப்பினம். குளிர் நாட்டில் வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடை தரும் கொடி, கம்பம் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் கவாத்து செய்யும் நேரத்தைப் பொறுத்து வருஷம் முழுக்கச் சந்தைக்குப் பழம் தருகிறது. மெண்டோசாவின் பழைய தோட்டங்களில் இருப்பது போலவே இங்கேயும் பந்தல் முறைதான். இங்கிலாந்துக் கொடியைத் தேனி மாவட்டத்துப் பழமாக மாற்றியது யார்? மேற்குத் தொடர்ச்சி மலையும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும், பந்தலுக்குக் கீழே கை தூக்கியபடியே வேலை செய்து பழகிய ஆட்களும்.

குறியீடு கிடைத்த செய்தியை நாம் ஷேர் செய்தோம், பெருமைப்பட்டோம். நல்லது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நிலத்தடி நீர் எந்த ஆழத்துக்குப் போயிருக்கிறது, பறிப்பவருக்கு என்ன கூலி, மழை தப்பினால் விவசாயிக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் அதே ஆர்வத்தோடு கேட்டால்தான் அந்தப் பெருமைக்கு அர்த்தம்.

சுருக்கமா சொன்னா...

ஒரு ஊர் ஒரு பழத்துக்குத் தன் குணத்தைக் கொடுக்கிறது என்பது உண்மை. அளந்து பார்த்தாலும் தெரிகிறது. ஆனால் அந்தக் குணம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் புதையல் மாதிரி, எடுக்க எடுக்க இருக்கும் ஒன்றில்லை. மலையில் பனி விழ வேண்டும், வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும், ஒருவர் நஷ்டத்துக்குத் துணிந்து கொடி நட வேண்டும், இன்னொருவர் கூடை சுமக்க வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் குணம் மாறும், ஊர் பெயர் மட்டும் லேபிளில் மிச்சமிருக்கும்.

அதனால் அடுத்த முறை 'இந்த மண்ணின் தனிச்சுவை' என்று ஒயினோ, காபியோ, டீயோ, மாம்பழமோ உங்கள் முன்னால் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது, இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்? சுவையைப் பற்றிய கேள்வி அதுதான்.